மாமன் பெயரில் ஒரு ரசீது: பாலக்காட்டு ஜிம் கிளை ஒன்றில் பதினைந்து மாதம்

9,440 ரூபாய்க்கு ஒரு ரசீது. தேதி 2023 ஜூலை 31. பன்னிரண்டு தனிப்பயிற்சி வகுப்புகளுக்குக் கட்டணம் 8,000, அதன் மேல் அன்றைய 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 1,440. ரசீதில் இருக்கும் பெயர் வண்ணாமடையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவருடையது. அவர் எங்கள் ஜிம்மின் படியை ஒருநாளும் மிதித்ததில்லை. பணம் கட்டியவன் அவருடைய அக்கா மகன், எங்கள் கிளையில் பயிற்சியாளன். கட்டச் சொன்னவன் நான்.

பல மாநிலங்களில் கிளை வைத்திருக்கும் ஒரு ஜிம் நிறுவனத்தின் பாலக்காட்டுக் கிளையில் அப்போது நான் ஃப்ளோர் இன்சார்ஜ், பயிற்சித் தளத்துக்குப் பொறுப்பாளன். நிறுவனத்தின் பெயரையும் அந்தத் தம்பியின் பெயரையும் எழுதப் போவதில்லை. அவன் 2022 ஜூன் மாதம் வேலைக்குச் சேர்ந்து, 2023 ஆகஸ்ட் 31 இரவு கால் எலும்பு முறிந்து வெளியே போனான். இடைப்பட்ட பதினைந்து மாதத்தில் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதைக் கணக்கோடு எழுதி வைக்க விரும்புகிறேன். எல்லைப்புறத்திலிருந்து இந்த வேலைக்கு இன்றும் பையன்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

வேலை நாள்

கொழிஞ்சாம்பாறை பக்கத்து ஊர் அவனுக்கு. சித்தூர் தாலுகாவின் அந்தப் பகுதியில் வீட்டில் தமிழ், கடையில் தமிழ், பள்ளியிலும் தமிழ் வழி உண்டு. மாநிலம் மட்டும் கேரளம். காலை 5:30-க்கு ஜிம் திறக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பேருந்தை நம்ப முடியாது. பைக்தான். மூன்றே முக்காலுக்கு எழுந்து நாலரைக்குப் புறப்படுவான். சாலையில் பால் வண்டிகளும், சித்தூரிலிருந்து மற்ற மாவட்டங்களுக்குக் கள்ளு ஏற்றிப் போகும் வண்டிகளும்தான் துணை.

ரோஸ்டரில், அதாவது வேலை நேர அட்டவணையில், அவன் பெயருக்கு எதிரே இரண்டு வேளை இருக்கும். காலை 5:30 முதல் 10 வரை. மாலை 4:30 முதல் 9 வரை. மொத்தம் ஒன்பது மணி நேர வேலை. ஆனால் முதல் கைரேகைக்கும் கடைசிக் கைரேகைக்கும் நடுவே பதினைந்தரை மணி நேரம். கேரளக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம், 1960 ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்கிறது. இடைவேளையையும் சேர்த்து அந்த வேலை பத்தரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்கிறது. இதை நான் இன்சார்ஜாக இருந்தபோது படித்ததில்லை. வேலையை விட்டு வந்த பிறகு, இவன் வழக்குக்காகத்தான் படித்தேன். மூன்று ஆண்டு ஒவ்வொரு மாதமும் அந்த ரோஸ்டரைப் போட்ட கை என்னுடையது.

பகல் பத்து மணிக்குப் பிறகு பெண்களுக்கான நேரம். ஆண் பயிற்சியாளர்கள் உள்ளே இருக்கக் கூடாது. அதன் பிறகு ஏ.சி.யை அணைத்துப் பூட்டிவிடுவார்கள். வீட்டுக்குப் போய் வருவதென்றால் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பெட்ரோல் செலவு. அதனால் எங்கள் பையன்கள் கோட்டை மைதானத்தின் மர நிழலுக்குப் போய்விடுவார்கள். 1766-ல் ஹைதர் அலி கட்டிய கோட்டையின் அகழியை ஒட்டி, சட்டையைத் தலைக்கு மடித்து வைத்துப் படுத்திருப்பார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மார்ச் வந்துவிட்டால் அனலாகத்தான் வீசும். அந்த மாதங்களில் கேரளத் தொழிலாளர் துறை ஒவ்வோர் ஆண்டும் ஓர் உத்தரவு போடும்: திறந்த வெயிலில் வேலை செய்பவர்களுக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு கொடுக்க வேண்டும். நல்ல உத்தரவு. ஏ.சி. அறையில் வேலை என்று எழுதப்பட்ட எங்கள் பையன்கள் அந்த 12 முதல் 3 வரை வெளியில்தான் கிடந்தார்கள். அவர்கள் எந்தப் பட்டியலிலும் வரவில்லை.

மாலை வேளையில் உட்காரக் கூடாது. கேமராவில் உட்கார்ந்தது தெரிந்தால் 200 ரூபாய் பிடிப்பு. துணிக்கடைப் பெண்களின் போராட்டத்துக்குப் பிறகு 2018-ல் கேரளம் அதே சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சேர்த்தது. எங்கள் கிளையில் பெஞ்ச் பத்து இருந்தன. அத்தனையும் மெம்பர்களுக்கு.

நிர்வாகம் ஒன்று மட்டும்தான் இந்த இரட்டை வேளையைத் திணித்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். காலை 6 முதல் 9, மாலை 5:30 முதல் 9, இந்த இரண்டு நேரத்தில்தான் கூட்டம். தனிப்பயிற்சி, எங்கள் பேச்சில் பி.டி., எடுக்கிறவர்களும் அப்போதுதான் வருவார்கள். ஒரு வேளை மட்டும் வேலை செய்தால் பயிற்சியாளனுக்குப் பாதி வாடிக்கையாளர் போய்விடும். 2022 அக்டோபரில் நான்கு பேர் காலை, நான்கு பேர் மாலை என்று பிரித்து ஒரு ரோஸ்டர் எழுதினேன். மேலே அனுப்பும் முன் பையன்களிடம் காட்டினேன். முதலில் வேண்டாம் என்றவன் இவன்தான்.

"பி.டி. பாதியாயிருமுங்கண்ணா. அப்பறம் சம்பளத்த வெச்சு என்னத்தப் பண்றதுங்க?"

அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். சம்பளம் அமைந்திருந்த விதத்தில் அவன் சொன்னது சரி.

டார்கெட்

நிலையான சம்பளம் மாதம் 12,500. மீதி பி.டி. கமிஷன். மாதத்துக்கு 45,000 ரூபாய்க்குத் தனிப்பயிற்சி விற்க வேண்டும். அதற்குக் கீழே நின்றால் விற்றதில் 20 விழுக்காடு. தாண்டிவிட்டால் மொத்த விற்பனைக்கும் 40 விழுக்காடு. இந்த இரண்டாவது வரியில்தான் எல்லாம் இருக்கிறது.

பன்னிரண்டு வகுப்பு கொண்ட ஒரு பேக்கேஜ் 8,000. ஐந்து விற்றால் 40,000, கமிஷன் 8,000. ஆறு விற்றால் 48,000, கமிஷன் 19,200. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே 11,200 ரூபாய் வித்தியாசம். ஒரு வகுப்புக்குப் பயிற்சியாளன் கையில் வருவது ஐந்தில் நின்றால் 133 ரூபாய், ஆறைத் தொட்டால் 267 ரூபாய். அதே வகுப்பு, அதே ஆள், அதே ஒரு மணி நேரம். மெம்பர் கட்டுவது இரண்டு நிலையிலும் வகுப்புக்கு 787 ரூபாய்.

ஆண்டு முழுக்க ஒரே டார்கெட். ஊரின் காலம் அப்படி ஓடுவதில்லை. கார்த்திகை பிறந்து மாலை போட்டுவிட்டால் மண்டல காலம் முடியும் வரை ஒரு கூட்டம் வராது. ஜனவரியில் இடமில்லாமல் நிற்பார்கள். 2023 மார்ச் கடைசியில் நோன்பு தொடங்கியபோது இஸ்லாமிய மெம்பர்கள் தொழுகை முடித்து இரவில் வந்தார்கள். அவர்களுக்காக 11 மணி வரை திறந்து வைத்தோம். பையன்கள் அதிகப்படியாக நின்றார்கள், அந்த இரண்டு மணி நேரத்துக்குத் தனிக் கூலி இல்லை. ஆடியோடு சேர்ந்து வரும் கர்க்கிடக மாதம் வந்தால் எண்ணெய்க் குளியல், மருந்துக் கஞ்சி என்று உடம்புக்கு ஓய்வு கொடுக்கிற வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. ஜூலை நடு முதல் ஆகஸ்ட் நடு வரை புதிய பேக்கேஜ் விற்பது கடினம்.

2023 ஜூலை கர்க்கிடகத்தில்தான் அவன் ஐந்தில் நின்றான். 31-ஆம் தேதி மாலை தண்ணீர்க் குழாய் பக்கம் என்னிடம் வந்தான்.

"ஒண்ணுதானுங்கண்ணா கொறையுது."

"மாமன் பேர்ல போட்ரு தம்பி," என்றேன்.

புதிதாக நான் கண்டுபிடித்த வழி இல்லை. எனக்கும் யாரோ ஒருவர் சொல்லிக் கொடுத்ததுதான். 9,440 கட்டினால் 11,200 கூடுதலாக வரும், மிச்சம் 1,760. மேலாளருக்கும் தெரியும். கிளையின் மாதக் கணக்கில் 8,000 ஏறுகிறது என்பதால் அவர் பார்த்தும் பாராமல் இருப்பார். அதன் பிறகு வராத மாமனுக்கு பன்னிரண்டு வகுப்பு எடுத்ததாகக் கணினியில் பதிய வேண்டும். அந்தப் பையன் 1,760 ரூபாய்க்காக அம்மாவிடம் 9,440 கடன் வாங்கினான். அம்மா அதைக் குழுக் கடனிலிருந்து கொடுத்தார் என்று பின்னால்தான் தெரிந்தது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று கேட்டால், அன்றைக்குச் சொல்லித்தான் இருப்பேன். எங்கள் எல்லாருக்கும் மாதக் கடைசி என்றால் அப்படித்தான் மூளை ஓடும்.

கன்சல்டன்ட்

நடுவில் ஒன்று நடந்தது. 2022 டிசம்பர் கடைசியில் பயிற்சியாளர்கள் எல்லாரிடமும் ஆங்கிலத்தில் ஆறு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஜனவரி முதல் அவர்கள் ஊழியர் இல்லை, கன்சல்டன்ட். கையில் கொஞ்சம் கூடுதலாகப் பணம் வரும் என்று சொல்லப்பட்டது. பி.எஃப். பிடிப்பு 1,500 நின்றது உண்மை. கூடவே நிறுவனம் போட்டுவந்த 1,500-உம் நின்றது. ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை எட்டு மாதத்தில் அவன் கணக்கில் சேர வேண்டிய 24,000 சேரவில்லை. பதிலுக்கு 10 விழுக்காடு வருமான வரி பிடித்தார்கள். அந்தப் பணத்தை ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்பப் பெறலாம் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. கொழிஞ்சாம்பாறையில் ஒரு கணக்காளர், பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துக் காட்டிய பிறகுதான் புரிந்தது.

ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடும் போயிற்று. 21,000 வரை சம்பளம் வாங்குவோருக்கு அது உண்டு. ஐந்து பேக்கேஜ் மாதத்தில் அவன் சம்பளம் 20,500. அதற்கு அவன் பங்கு 0.75 விழுக்காடு, 154 ரூபாய். நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு, 667 ரூபாய். ஓர் ஆளுக்கு மாதம் 667 மிச்சம் பிடிக்கப்பட்டது. வேலையிடத்தில் அடிபட்டால் ஈ.எஸ்.ஐ.யில் மருத்துவமும், வேலைக்குப் போக முடியாத நாளெல்லாம் சம்பளத்தில் 90 விழுக்காடும் கிடைக்கும். அதற்கு இத்தனை நாள் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை.

ஆகஸ்ட் 31

அந்த ஆண்டு திருவோணம் ஆகஸ்ட் 29. அன்று மட்டும் விடுமுறை. மூன்று நாள் ஓண விருந்தான சத்யை சாப்பிட்ட கூட்டம் முழுவதும் 31 மாலை வந்து இறங்கியது. நாற்பது பேருக்கு மேல். அன்றுதான் மாதக் கடைசியும். அப்போது இருந்த மூன்று பயிற்சியாளர்களில் இரண்டு பேர் டார்கெட் முடிக்கக் கண்ணாடி அறையில் மெம்பர்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை அங்கே அனுப்பியதும் நான்தான், மேலிருந்து அரை மணிக்கொரு தடவை போன் வந்துகொண்டிருந்தது. தளத்தில் நின்றவன் இவன் ஒருவன். அவன் அந்த மாதமும் ஐந்தில் நின்றான். ஆறாவதை வாங்க இந்தத் தடவை அம்மாவிடம் பணம் இல்லை.

இரவு 8:40. பாரைத் தாங்கும் சட்டமான ராக்கில், 140 கிலோவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் முடித்த ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனார். 20 கிலோ பார், பக்கத்துக்கு மூன்று 20 கிலோ பிளேட். அவருடைய நண்பர், சேர்ந்து இரண்டு வாரம் ஆனவர், உதவியாக இருக்கட்டும் என்று ஒரு பக்கத்து பிளேட் மூன்றையும் வரிசையாகக் கழற்றினார். ஒரு பக்கம் அறுபது கிலோ, மறுபக்கம் வெறும் பார். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித்தான் கழற்ற வேண்டும் என்பது முதல் நாள் சொல்லித்தர வேண்டிய பாடம். கனமான பக்கம் தாழ்ந்து பார் தூக்கியது. தளத்தில் நின்ற தம்பி ஓடி வந்து பாரைப் பிடித்தான். பக்கத்து பெஞ்சில் ஒரு கல்லூரிப் பையன் படுத்திருந்தான், அவன் மேல் விழாமல் தடுத்துவிட்டான். பிளேட் வழுக்கி இவனுடைய இடது பாதத்தில் இறங்கியது. இரண்டு எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு.

மெம்பரின் அறியாமை என்று நிறுவனத்தின் அறிக்கை சொன்னது. புது மெம்பருக்குப் பாடம் சொல்ல வேண்டிய ஆட்களை நாங்கள் கண்ணாடி அறைக்குள் வைத்திருந்தோம். மூன்றே முக்காலுக்கு எழுந்தவனைப் பதினேழாவது மணி நேரத்தில் தளத்தில் தனியாக நிறுத்தியிருந்தோம். இரண்டையும் அறிக்கையில் சேர்க்கச் சொன்னேன். சேர்க்கவில்லை.

தனியார் மருத்துவமனைச் செலவு 18,500. அதைக் கேட்டபோது ஒப்பந்தத்தின் ஒரு பிரிவைக் காட்டி மின்னஞ்சல் வந்தது: கன்சல்டன்டின் மருத்துவத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல. செப்டம்பர் 20 வாக்கில் இன்னொன்று வந்தது. மாமன் பெயரில் போட்ட பேக்கேஜ் மோசடி, ஆகவே பாக்கி எதையும் தர முடியாது. அந்தப் பாக்கி: ஆகஸ்ட் சம்பளம் 12,500, ஜூலை கமிஷன் 19,200, ஆகஸ்ட் கமிஷன் 8,000, சீருடைக்குப் பிடித்துவைத்த டெபாசிட் 3,000. மொத்தம் 42,700.

அந்த மின்னஞ்சலை அவன் என்னிடம் காட்டிய அன்று இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் ராஜினாமா எழுதினேன்.

மனு

முதலில் தவறான வாசலைத் தட்டினோம். கோவையில் தெரிந்த ஒருவர் தமிழ்நாட்டுச் சட்டத்தைக் காட்டி அங்கே மனுக் கொடுக்கச் சொன்னார். எல்லைப்புறத்தில் இந்தக் குழப்பம் எல்லாருக்கும் வரும். ஆதார் எங்கே, தலைமை அலுவலகம் எங்கே என்பதைப் பார்க்க வேண்டியதில்லை. வேலை செய்த இடம் எந்த மாநிலமோ அந்த மாநிலத்துத் தொழிலாளர் அலுவலகம்தான். வாளையாருக்கு அந்தப் பக்கம் கிளை என்றால் கோவை, இந்தப் பக்கம் என்றால் பாலக்காடு.

மலையாளம் பேசுவான், எழுத வராது. அதற்காகத் தயங்கிக்கொண்டிருந்தான். 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம், சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் அலுவலகங்களுக்கும் எழுதலாம், பதிலும் அதே மொழியில் பெறலாம் என்று இடம் கொடுத்திருக்கிறது. மனுவைத் தமிழில் எழுதினோம். வாங்கிக்கொண்டார்கள். மனு நான்கு பக்கம், இணைப்பு முப்பத்தொரு பக்கம்.

அக்டோபர் முதல் ஜனவரி வரை மூன்று அமர்வு. நிறுவனத்தின் சார்பில் வந்தவர் முதல் அமர்வில் கன்சல்டன்ட் ஒப்பந்தத்தை வைத்தார். இந்த ஆள் தொழிலாளியே இல்லை என்றார். நாங்கள் வைத்தது கைரேகை வருகைப் பதிவு, ரோஸ்டர் வந்த வாட்ஸ்அப் செய்திகள், உட்கார்ந்ததற்குப் பிடித்த 200 ரூபாய்க்கான சீட்டு. கூடவே ஒரு பழைய தீர்ப்பு. சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973-ல் சொன்னது. ஹைதராபாத்துத் தையற்கடையில் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர்களை, தையல் இயந்திரம் கடைக்காரருடையது, தைத்தது சரியில்லை என்றால் திருப்பித் தைக்கச் சொல்லும் அதிகாரம் அவருடையது என்று பார்த்து, ஊழியர்கள்தான் என்றது நீதிமன்றம். எங்கள் பார், எங்கள் பிளேட், எங்கள் சீருடை, எங்கள் நேரம். வகுப்புக்கு 133 ரூபாய் வாங்கியவன் அந்தத் தையற்காரர்களின் வரிசையில்தான் வருகிறான். மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து "எங்கள்" என்று நான் சொன்னதை அதிகாரி கவனித்தார். ரோஸ்டர் போட்டது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன்.

மாமன் ரசீதைப் பற்றிய பேச்சு இரண்டாவது அமர்வில் வந்தது. மறைக்கவில்லை. யார் கட்டினார், யார் சொல்லிக் கட்டினார் என்பதை அப்படியே சொன்னோம். அதிகாரி ஒன்று மட்டும் கேட்டார்: விற்பனை பொய் என்றால் அந்த 9,440 இப்போது யாரிடம் இருக்கிறது? நிறுவனத்தின் கணக்கில் இருந்தது. திருப்பித் தந்ததாகப் பதிவு இல்லை.

2024 ஜனவரியில் உடன்பாடு. ஜூலை கமிஷனை ஐந்து பேக்கேஜுக்குக் கணக்கிட்டு 8,000, திருப்பித் தரும் ரசீதுப் பணம் 9,440, ஆகஸ்ட் சம்பளம் 12,500, ஆகஸ்ட் கமிஷன் 8,000, டெபாசிட் 3,000. ஆக 40,940. அவன் கேட்டதில் குறைந்தது சரியாக 1,760.

பி.எஃப்.புக்கு ஆள் குறைவு என்று அவர்கள் சொன்னதும் நிற்கவில்லை. இருபது பேர் என்ற வரம்புக்கு எல்லாக் கிளைகளையும் சேர்த்தே எண்ண வேண்டும். எட்டு மாதப் பங்கைக் கேட்டுத் தனி மனு போட்டிருக்கிறான்.

நான் இங்கே காட்டியவை நிகழ்வு நடந்தபோது இருந்த சட்டங்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. ஜிம் கட்டணத்துக்கான வரியும் அந்த ஆண்டு செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகிவிட்டது. மனு எழுதப் போகிறவர்கள் புதிய பிரிவுகளைப் பார்த்து எழுத வேண்டும்.

அவன் இப்போது கொழிஞ்சாம்பாறையில் ஒருவருடைய சின்ன ஜிம்மில் மாலை மட்டும் நிற்கிறான். காலையில் அப்பாவுடன் தோப்புக்குப் போகிறான். குளிர்ந்த நாளில் பாதம் வலிக்கிறது என்கிறான். 18,500 ரூபாய் மருத்துவமனை ரசீது உடன்பாட்டில் வரவில்லை. நிறுவனம் ஈ.எஸ்.ஐ. கட்டாமல் விட்டிருந்தாலும், காயத்துக்கான உதவியைத் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு நிறுவனத்திடம் வசூலிக்க ஈ.எஸ்.ஐ. கழகத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த விண்ணப்பத்தை எழுதி முடித்துவிட்டேன். கையெழுத்துப் போட ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.